திண்டுக்கல் பூட்டும் 'வெரி யூனிக்'கும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படிக் குறியீடு பெற்ற பொருட்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தும்போது பலரும் 'வெரி யூனிக்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப்போல இன்னொன்று இல்லை என்பதுதான் 'யூனிக்'. அதற்கு முன்னால் 'வெரி' ஏன் ஒட்டாது என்பதைப் பூட்டின் உள்ளே பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

லீவர் பூட்டுக்குள் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். தகடுதோறும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் தகடுகளைத் தூக்க, வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் போல்ட்டின் முளை அவற்றுக்குள் நுழையும், பூட்டு திறக்கும். ஏழு லீவரில் ஆறு சரியாக நின்று, ஏழாவது மயிரிழை இறங்கியிருந்தாலும் திறக்காது. பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான், 'ரொம்பப் பூட்டியிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'யூனிக்', 'டெட்', 'இம்பாசிபிள்' எல்லாம் இந்த வகைச் சொற்கள்.

அதற்காக இவற்றின் முன் எந்த அடைச்சொல்லும் வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது சரியல்ல. ஆறு லீவர் நின்ற நிலைக்கு 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' பொருந்தும். அவை எல்லையை நெருங்கியதைச் சொல்கின்றன. 'கம்ப்ளீட்லி', 'அப்சல்யூட்லி' எல்லையைத் தொட்டுவிட்டதை உறுதிசெய்கின்றன. 'வெரி', 'மோர்' போன்றவைதான் இடிக்கும், ஏனென்றால் அவை கூடுதல் குறைவைக் கேட்கும் சொற்கள். 'செக்யூர்' என்பதில் அந்தக் கூடுதல் குறைவு இருக்கிறது. லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கடினமாகும். ஆகவே 'வெரி செக்யூர்' சரியான ஆங்கிலம்.

'பெர்ஃபெக்ட்' கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' என்று வருகிறது. 'யூனிக்' என்பதையும் 'அபூர்வமான' என்ற பொருளில் பேச்சில் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் தேர்வுத்தாளிலும் வேலை விண்ணப்பத்திலும் அது கண்ணை உறுத்தும்.

பூட்டு வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில விளம்பரத்தில் 'யூனிக்' என்று மட்டும் போடுங்கள். 'வெரி' இருந்த இடத்தில் எத்தனை லீவர், பித்தளையா இரும்பா, கைவேலையா என்பதை எழுதுங்கள். வாங்குகிறவருக்குத் தேவை அதுதான்.