இறக்கத்தில் இயந்திரமே பிறேக்

குளக்கட்டிலிருந்து உழவு இயந்திரம் இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் விடும் பழக்கம் எம்மவர் சிலரிடம் உண்டு. இடம்பெயர்ந்த எமது குடும்பங்களின் எஞ்சிய உடைமைகளும் பிள்ளைகளும் பெட்டியில் இருக்கையில், இது உயிரோடு விளையாடுவதாகும்.

காரணம் என்ன? கியர் விழுந்திருக்க, அக்சிலறேற்றரைக் குறைத்தால், சில்லே இயந்திரத்தைச் சுற்றவேண்டியதாகிறது. சிலிண்டருக்குள் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் உராய்வும் தடையாக நின்று வேகத்தைப் பிடிக்கின்றன. கியர் குறையக் குறைய இப்பிடி கூடும். நியூட்ரலில் அது அறவே இல்லை. பாரம் முழுவதையும் தாங்கும் பிறேக் சூடேறிப் பிடியை இழக்கும். டீசலும் மிச்சமாகாது. கியரில் இறங்கும்போது இயந்திரத்தின் கவர்னர் டீசலைக் குறைத்துவிடுகிறது.

எனவே, இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைப்போம். ஏறிய கியரிலேயே இறங்குவது நல்ல விதி. நடுவழியில் மாற்ற முயன்று கியர் விழாவிட்டால், பெட்டி பின்னாலிருந்து தள்ளும்.

லான்ட்மாஸ்டர் ஓட்டுவோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். சமதரையில் இடப்பக்கக் கைக்கிளச்சைப் பிடித்தால் அது இடப்பக்கம் திரும்பும். கியரில் இறங்கும்போதோ, விடுபட்ட இடச்சில்லு ஓட, வலச்சில்லை இயந்திரம் பிடித்துவைக்க, வலப்பக்கம் திரும்பும். அறியாதவர் விளிம்பை விட்டு விலக நினைத்து விளிம்புக்கே போவார். ஆகவே இறக்கத்தில் அக்கிளச்சுக்களைத் தொடாது, கைபிடியைத் தள்ளியே திருப்புவோம்.

செங்குத்தான இறக்கமெனில், முதலில் பிள்ளைகளை இறக்கி நடக்கவிடுவோம்.