முந்நூறு வார்த்தை வியாசம்

வியாசம் எழுதச் சொல்வது பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கே உரிய தண்டனை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 2024-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி புனா நகரத்து இளைஞர் நீதிக் குழுமம் அந்த உரிமையில் பங்குக்கு வந்துவிட்டது.

அன்று விடியுமுன், பதினெட்டு வயது நிறையச் சில மாதங்களே இருந்த ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளையாண்டான், போர்ஷ் மோட்டாரை வெகு வேகமாக ஓட்டி வந்து ஒரு மோட்டார் சைக்கிள்மீது மோதினான். அதில் சென்ற வாலிபரும் யுவதியும் மாண்டார்கள், இருவரும் என்ஜினீயர்கள். பையனைக் கெட்ட சகவாசத்தில் விடுவதில்லை என்று பாட்டனார் உறுதி கூறினார். சுமார் பதினைந்து மணி நேரத்துக்குள் ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துக்களைப் பற்றி முந்நூறு வார்த்தையில் வியாசம் எழுதுவது! தேசமெங்கும் எழுந்த கூச்சலில் மூன்றே நாளில் உத்தரவு மாறிற்று. பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். ஜூன் 25-ந் தேதி பம்பாய் ஹைகோர்ட்டு அவனை விடுவித்தது. இதற்கிடையில், பரிசோதனைக்கு எடுத்த அவனுடைய ரத்தத்தை மாற்றி வைத்ததாக டாக்டர்கள் இருவர் கைதானார்கள்.

கூச்சல் போட்டவர்களுடன் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிறுவர் விஷயத்தில் ஜாமீனே பொது விதி என்கிறது 2015-ம் வருஷத்துச் சட்டம். வெளியே விட்டால் கெட்டவர்களுடன் சேருவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதி பழுதுபடும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். நல்ல சட்டந்தான். அதன் தயவு எந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிறது என்பதே என் வழக்கு.

நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கத்தில். இங்கிருந்து படப்பை வழியாகப் போனால் தாம்பரம். சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் செங்கற்பட்டு. 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை, ரயில்வே பாட்டரி திருடியதாகப் பிடித்தார்கள். ஏழைத் தாயின் பிள்ளை. செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். 31-ந் தேதி அவன் பிணமானான். பிரேத பரிசோதனையில் உடலில் பல காயங்கள் தெரிந்தன. மறு மாதம் இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு சர்க்கார், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு இத்தகைய இல்லங்களை ஆராயச் செய்தார்கள். 2023-லேயே அவர் அறிக்கையும் கொடுத்தார். பாட்டரிப் பையனிடம் யாரும் வியாசம் கேட்கவில்லை.

இங்கே பெற்றோர் பலர் மோட்டார்த் தொழிற்சாலைகளில் கான்டிராக்ட் கூலிகள். ஒரு நாள் குழுமத்துக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. சென்ற வருஷம் என் வகுப்புப் பையன் ஒருவன், குப்பையில் கிடந்த தாமிரக் கம்பியை எடுத்தான் என்று அகப்பட்டுக்கொண்டான். இரவு ஷிப்டு முடித்த தகப்பனார், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, தூங்காத கண்களுடன் குழுமத்தின் வாசலில் நின்றார். பணம் கட்டாமலும், ஜாமீன்தார் இல்லாமலும்கூடச் சிறுவனை விடுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று சொன்னேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முன்னாடியே தெரியாமப் போச்சே, ஸார்! வீட்டிலே தோட்டைக் கழற்றி அடகு வெச்சுட்டு வந்திருக்கேனே!"