கம்பெனியின் உடைமையாளர் யார்?

ஒரு நிலத்துக்கு உடையவர் ஒருவரே ஆனால், வரப்பு சரிந்தாலும் வாய்க்கால் தூர்ந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அதே நிலத்துக்கு மூன்று இலட்சம் பேர் உடையவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் பெரும்பாலோர் அந்நிலத்தை ஒருமுறையேனும் கண்டதில்லை. பயிரிடுவதையும் அறுப்பதையும் விற்பதையும் சிலரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்டுதோறும் வரும் பங்கை மட்டும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அப்போது அந்நிலத்தைக் கண்காணிப்பவர் யார்? பெரிய கூட்டுப்பங்குக் கம்பெனிகளின் நிலை இதுவே.

கம்பெனியின் மூலதனம் சிறுசிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. பங்கை வாங்கியவர் பங்குதாரர் ஆகிறார். இலாபத்தில் ஈவு பெறும் உரிமையும், பொதுக்கூட்டத்தில் தம் பங்குகளுக்கு ஏற்ப வாக்களிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. தொழிலை நடத்த டைரக்டர்களையும், கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டரையும் பங்குதாரர்களே நியமிக்கிறார்கள். ஏட்டளவில் இது ஒரு குடியரசு. நடைமுறையிலோ, பங்குதாரர்கள் சிதறிக் கிடக்கிறார்கள்; நிர்வாகிகள் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். உடைமை ஓரிடத்திலும் அதிகாரம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பதை, அமெரிக்க அறிஞர்களான பெர்லி, மீன்ஸ் இருவரும் 1932-ஆம் ஆண்டிலேயே ஒரு நூலில் விரிவாக எடுத்துக்காட்டினர்.

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது நம் பழமொழி. உடையவர் பார்த்தால் என்ன ஆகும், பாராவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அது சத்யம் கம்பெனியின் வரலாறு.

1987-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட சத்யம், கம்ப்யூட்டர் தொழிலில் நாட்டின் முன்னணிக் கம்பெனிகளுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் பங்குகள் இந்தியச் சந்தைகளில் மட்டுமன்றி, நியூயார்க் சந்தையிலும் கைமாறின. அதன் தலைவர் இராமலிங்க ராஜு. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தரப்பாரிடம் இருந்த பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. எஞ்சியவை பொதுமக்களுடையவும் முதலீட்டு நிறுவனங்களுடையவும் ஆகும்.

2008 டிசம்பர் 16-ஆம் நாள் டைரக்டர் சபை ஒரு முடிவை அறிவித்தது. சத்யத்தின் பணத்தில் ஏறத்தாழ 160 கோடி டாலரைச் செலவிட்டு, மேய்ட்டாஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு கம்பெனிகளுள் ஒன்றை முழுவதுமாகவும், மற்றொன்றில் பாதிக்குச் சற்று மேலாகவும் வாங்குவது என்பதே அம்முடிவு. அவை நிலமும் கட்டுமானமும் சார்ந்தவை. கம்ப்யூட்டர் தொழிலோடு தொடர்பற்றவை. ராஜு குடும்பத்தாரைச் சேர்ந்தவை. சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடையிலிருந்து முதலாகப் படித்தால் மேய்ட்டாஸ் என்ற பெயர் வரும்! பங்குதாரர்களின் வாக்கைக் கேளாமலே இத்தனை பெரிய முடிவு எடுக்கப்பட்டது.

முதலீட்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் தொலைபேசி வழியே தலைமையை நேரடியாகக் கேட்டனர். அவர்களுடைய கேள்வி மிக எளியது: இதனால் நன்மை பெறுவது கம்பெனியா, தலைவரின் குடும்பமா? நியூயார்க்கில் பங்கின் விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. அறிவித்த சில மணி நேரத்துக்குள் அம்முடிவு கைவிடப்பட்டது.

மூன்று வாரங்கள் கழிந்தன. 2009 ஜனவரி 7-ஆம் நாள் ராஜு கடிதம் எழுதிப் பதவி விலகினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கியிருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்றது அக்கடிதம். பல ஆண்டுகளாக இலாபம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டு வந்தது. இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைத்துப் பள்ளத்தை நிரப்பும் கடைசி முயற்சியே மேய்ட்டாஸ் பேரம் என்பதும் தெரியவந்தது. அன்று ஒரே நாளில் இந்தியச் சந்தையில் பங்கின் விலை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வீழ்ந்தது. சிறு சேமிப்பாளர்களின் பணமும் பல்லாயிரம் ஊழியர்களின் பிழைப்பும் ஊசலாடின. அரசாங்கம் பழைய டைரக்டர் சபையை அகற்றிப் புதிய சபையை அமர்த்திக் கம்பெனியைக் காக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பொய்க் கணக்கைப் பங்குதாரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டார்கள்; தப்பும் வழி அடைபட்டது; உண்மை வெளியே வந்தது. வங்கியில் இத்தனை ரொக்கம் ஏன் முடங்கிக் கிடக்கிறது என்று முன்னரே கேட்டு விடாது வற்புறுத்தியிருந்தால், நட்டம் எவ்வளவோ குறைந்திருக்கும் அன்றோ? பங்கின் விலை ஏறிக்கொண்டிருந்தவரை அவ்வாறு வற்புறுத்துவோர் அரியராயினர்.

கேட்கும் மனம் இருந்தால் மட்டும் போதாது. கேட்பதற்கு வழியும் வேண்டும். அமெரிக்காவில் சத்யத்தின் பங்கை வாங்கியிருந்தவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கு 12.5 கோடி டாலர் தருவதற்குக் கம்பெனி 2011-இல் உடன்பட்டது. இந்தியப் பங்குதாரர்களுக்கு அத்தகைய கூட்டு வழக்குக்கு அப்போது நம் கம்பெனிச் சட்டத்தில் இடமில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் அக்குறையை நீக்க முற்பட்டது. கூட்டு வழக்குக்கு அது வழி வகுத்தது. நிர்வாகிகள் தம் உறவினரோடு கம்பெனி செய்யும் பெரும் பேரங்களுக்குப் பங்குதாரர்களின் ஒப்புதலைக் கோரியது; அந்த வாக்கெடுப்பில் பேரத்தால் பயன்பெறுவோர் வாக்களிக்கலாகாது என்றும் விதித்தது. வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு உடையவர்கள் சேர்ந்தால், பொதுக்கூட்டம் கூட்டுமாறு டைரக்டர்களைக் கோரலாம். வீட்டிலிருந்தே மின்னணு முறையில் வாக்களிக்கவும் இன்று இயலும்.

வாக்கின் வலிமைக்கு மற்றுமொரு சான்று தரலாம். 2014-இல் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனி தன் உயர் நிர்வாகிகள் மூவரின் ஊதியத்துக்கு ஒப்புதல் கோரியது. விசேஷத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். அவை கிடைக்காமையால் தீர்மானங்கள் தோற்றன. கம்பெனி மீண்டும் பங்குதாரர்களை நாடி, அடுத்த ஆண்டில் ஒப்புதல் பெற்றது. கேட்டவரும் விளக்கியவரும் தத்தம் கடமையைச் செய்தனர்.

பங்குதாரர் குரல் எல்லாம் நற்குரல் என்று கருதலாகாது. நாளைய வளர்ச்சியை அழித்து இன்றே ஈவைப் பெருக்கு என்று நெருக்குவோரும் அவர்களுள் உண்டு. ஆதலால் கேள்வியின் தகுதியை, அது கம்பெனியின் நெடுநாள் நலத்தை நாடுகிறதா என்று கேட்டே எடைபோட வேண்டும்.

எமக்குப் பங்கே இல்லையே என்று மாணவர்கள் எண்ணலாம். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியமும், மியூச்சுவல் பண்டில் இட்ட சேமிப்பும், தொழிலாளரின் வைப்பு நிதியில் ஒரு பகுதியும் கம்பெனிப் பங்குகளாகவே மாறுகின்றன. நம் வீட்டுப் பணத்துக்கு உரிய வாக்கை அந்நிறுவனங்கள் நமக்காக அளிக்கின்றன. மியூச்சுவல் பண்டுகள் தாம் வாக்களித்த விதத்தை வெளியிட வேண்டும் என்று செபி 2010-இல் கட்டளையிட்டது. அக்குறிப்புகளை யாரும் படிக்கலாம். கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், முகப்பிலுள்ள படங்களைக் கடந்து, ஆடிட்டரின் அறிக்கையையும் உறவினர் பேரங்கள் பற்றிய குறிப்பையும் படித்துப் பழகுங்கள். கண்காணிப்பு அங்கேதான் தொடங்குகிறது.