கபிலன் கத்தி எடுத்ததும் தொப்பை வந்தது ஏன்?

எண்ணூர், ராயபுரம் பக்கம் ‘சார்பட்டா பரம்பரை’ பார்க்காத ஆள் உண்டா என்ன? பா.இரஞ்சித் இயக்கி 2021-ல் வந்த இந்தப் படத்தில் ஒவ்வொருவரின் ஆயுதமும் அவரவர் உடம்புதான்.

ஷபீர் நடித்த டான்சிங் ரோஸ் ஒல்லி, குறும்புக்காரன். ஆடி ஆடியே எதிராளியைக் கடுப்பேற்றுவான். அவனுக்குக் காலே ஆயுதம். ஜான் கொக்கேனின் வேம்புலிக்கோ அகன்ற தோள், அடங்காத கோபம். நேராக வந்து இடிப்பான்.

ஆர்யா நடித்த கபிலன் துறைமுகக் கூலி. உழைத்து ஏறிய வலு. அவன் கத்தியைத் தூக்குகிறான் பாருங்கள், அங்கேதான் விஷயமே! அப்பா போன வழி அது. அம்மா பாக்கியம் பயந்ததும் அதற்குத்தான். ஜெயில், சாராயம், தொப்பை... ஆளே மாறிப்போகிறான். கடற்கரையில் பீடி ராயப்பன் வாட்டி எடுத்த பிறகுதான் கால் மறுபடி நகர்கிறது, பழைய குத்து திரும்புகிறது.