அரை ஏக்கர் காய்கறித் தோட்டத்துக்கு எந்தப் பாசனம் ஏற்றது?

கிணற்றை நம்பிக் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்குச் சோதனைக் காலம் பங்குனியும் சித்திரையும்தான். காய் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் அதுவரை போட்ட முதல் முழுவதும் வீணாகிவிடும். ஆகவே குழாய் வாங்கப் புறப்படுமுன் கிணற்றைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

கிணற்றை அளக்கும் முறை

200 லிட்டர் பீப்பாய் ஒன்றைப் பம்பு செட்டின் வாயில் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 100 விநாடி ஆனால் மணிக்கு 7,200 லிட்டர் இறைக்கிறது என்று பொருள். கிணறு வற்றாமல் தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். இந்த அளவைக் கோடையில்தான் எடுக்க வேண்டும். கார்த்திகையில் அளந்து கணக்குப் போட்டால் சித்திரையில் ஏமாற்றமே மிஞ்சும்.

பயிருக்கு எவ்வளவு தேவை?

நன்கு வளர்ந்த காய்கறிப் பயிருக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லி மீட்டர் நீர் தேவை. சென்ட் ஒன்றுக்கு இது 200 லிட்டர். கடும் வெயிலில் சற்றுக் கூடும். மண் வாய்க்காலில் பாய்ச்சும்போது கசிவிலும் ஆவியாதலிலும் ஏறக்குறைய பாதி வீணாவதால் சென்ட்டுக்கு 400 லிட்டர் இறைக்க வேண்டியிருக்கும். சொட்டு நீர்ப் பாசனத்தில் 220 லிட்டர் போதும்.

மேலே சொன்ன பம்பு செட் தினமும் 2 மணி நேரம் ஓடினால் 14,400 லிட்டர் கிடைக்கும். வாய்க்கால் பாசனத்தில் இது 36 சென்ட்டுக்குத்தான் எட்டும். சொட்டு நீரில் 65 சென்ட் வரை பாயும். நான்கைந்து நாளைக்கு ஒரு முறை சுற்று வைத்துப் பாய்ச்சினாலும் கணக்கு இதுவேதான்.

பயிருக்கு ஏற்ற முறை

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்று வரிசையில் நடும் பயிர்களுக்குச் சொட்டு நீர் மிகவும் ஏற்றது. இலை நனையாததால் இலைக்கருகல் நோய் பரவுவது குறையும். வரிசைகளுக்கு இடையே ஈரம் இல்லாததால் களையும் குறைவு. பந்தலில் ஏறும் பாகல், புடல் ஆகியவற்றுக்குக் குழிக்குக் குழி சொட்டுவான் வைத்தால் போதும்.

நெருக்கமாக விதைக்கும் கீரை, கொத்தமல்லிக்கு மழைத்தூவான் குழாய் அல்லது தெளிப்பு நீர் நல்லது. ஆனால் உப்பு நீரைத் தெளித்தால் இலை கருகும். காற்று வீசும் நேரத்திலும் தெளிக்கலாகாது.

கிணற்றில் கோடையிலும் நீர் தாராளமாக இருந்தால் பார், சால் பாசனமே போதுமானது. பம்பு செட்டிலிருந்து வயல் வரை மண் வாய்க்காலுக்குப் பதிலாக பி.வி.சி. குழாய் பதித்தாலே கசிவு பெரிதும் குறையும். தண்ணீர் தட்டும் நாட்களில் ஒரு சால் விட்டு ஒரு சாலில் பாய்ச்சலாம்.

சொட்டு நீர் அமைப்போர் கவனத்துக்கு

அரை ஏக்கரில் 4 அடிக்கு ஒரு பக்கவாட்டுக் குழாயும், அதில் 2 அடிக்கு ஒரு சொட்டுவானும் வைத்தால் சுமார் 2,800 சொட்டுவான்கள் வரும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் என்றால் மொத்தம் 11,200 லிட்டர் தேவை. 7,200 லிட்டர் பம்பு செட்டால் இதை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. கடைசி வரிசை காயும். தோட்டத்தை இரு பகுதியாகப் பிரித்து, தனித்தனி வால்வு வைத்து, பகுதிக்கு ஒரு மணி நேரம் விட வேண்டும். 'எத்தனை பகுதி?' என்று அமைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

பாசி படியும் திறந்த கிணற்றுக்கு மணல் வடிகட்டி அவசியம். பாசியில்லாத தெளிந்த நீருக்குத் திரை வடிகட்டி போதும். ஆழ்குழாய்க் கிணற்றில் மணல் வந்தால் அதைப் பிரிக்கும் கருவியும் வேண்டும். வடிகட்டியை அடிக்கடி கழுவி, வாரம் ஒரு முறை குழாய்களின் முனை மூடியைத் திறந்து அழுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல தோட்டங்களில் சொட்டுவான் அடைத்து, குழாயைச் சுருட்டி வைக்கும் நிலை ஏற்படுகிறது.

மானியம்

மத்திய அரசின் நீர்ப்பாசனத் திட்டம் 2015-ல் தொடங்கப்பட்டது. நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு. அரசு நிர்ணயித்த விலைக்கு மேற்பட்ட செலவு விவசாயியைச் சேர்ந்தது. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் அட்டை, தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

கோடை அளவு கையில் இருந்தால் எந்தப் பாசனம், எத்தனை சென்ட் என்ற இரண்டையும் விவசாயியே முடிவு செய்துவிடலாம். நீருக்கு மிஞ்சிய பரப்பில் நட்டுப் பாதியைக் காயவிடுவதைவிட, உள்ள நீருக்கு ஏற்ற அளவில் நட்டு முழு மகசூல் எடுப்பதே லாபம்.