நண்பருக்காகப் பார்த்த நகரம்

செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்குப் போகவேண்டுமென்ற ஆசை முதலில் நமக்கு உண்டானதல்ல. நம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கும் நண்பருக்கு உண்டானது. பத்து வருஷமாகப் பணம் சேர்த்தவரும் அவரே. நகரத்தின் படத்தைத் தெருத் தெருவாக மனப்பாடம் செய்தவரும் அவரே. நாமோ கணக்கு வாத்தியார். பெட்டி தூக்கவும் செலவுக் கணக்கு எழுதவும் துணைக்குப் போனோம் என்றால் பொய்யாகாது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! போய்ச் சேர்ந்த அன்றிரவே நண்பருக்குக் குளிர் ஜுரம் கண்டது. மூன்று நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் தங்குவதாக இருந்ததோ நான்கே நாள். அவரைத் தனியே விட்டுவிட்டு ஊர் சுற்றுவதெப்படி? கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"என் முகத்தைத்தான் இருபது வருஷமாகப் பார்க்கிறீரே! என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போம். சரித்திரம் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியுமல்லவா? எண்ணிக்கொண்டாவது வாரும்" என்றார் நண்பர்.

மருந்தையும் வெந்நீரையும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் புறப்பட்டோம். பழைய நகரச் சதுக்கத்து மண்டபத்தின் கோபுரத்தில் 1410-ஆம் வருஷத்து வானசாஸ்திரக் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒரு முறை மேலேயுள்ள இரு ஜன்னல்கள் திறக்கின்றன. ஏசுநாதரின் சீடர்கள் வரிசையாக முகம் காட்டிச் செல்கிறார்கள். ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, சேவல் கூவுகிறது. கூட்டம் ஆரவாரித்தது. படுக்கையில் கிடப்பவரை எண்ணிய நமக்கு அந்த எலும்புக்கூட்டின் வேடிக்கை ரசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டோம்.

"தரையைப் பாரும்" என்றுதான் நோட்டுப் புத்தகத்திலும் எழுதியிருந்தது. மண்டபத்தின் கிழக்கே, கல் பாவிய தரையில் வெள்ளைச் சிலுவைகள் தெரிந்தன. எண்ணினோம், 27. 1620-ல் வெண்மலைப் போரில் செக் மக்கள் தோற்றார்கள். மறு வருஷம் ஜூன் 21-ந் தேதி, பிரபுக்களும் வீரர்களும் நகரத்தாருமாக 27 தலைவர்களுக்கு அந்த இடத்திலே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் பன்னிருவரின் தலைகள் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கினவாம். மறுநாள் அந்தப் பாலத்துக்கும் போனோம். 1357-ல் கட்டத் தொடங்கிய பாலம். அதன்மேல் 30 சிலைத் தொகுதிகள். நதியில் படகுகள் போயின. ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். நாம் அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாம் நாள், நதிக்கரையிலுள்ள தேசிய நாடக சாலை. தோல்விக்குப் பின் ஏறக்குறைய 300 வருஷம் அந்நிய அரச வம்சம் ஆண்டது. உத்தியோகத்திலும் உயர்ந்த கல்வியிலும் செக் மொழி ஒதுக்கப்பட்டது. அந்த மொழியில் நாடகம் நடத்த ஒரு பெரிய அரங்கம் வேண்டுமென்று ஜனங்கள் சந்தா திரட்டினார்கள். 1868-ல் அஸ்திவாரமிட்டபோது தேசத்தின் பல மலைகளிலிருந்தும் கற்கள் வந்தன. 1881 ஜூனில் திறந்தார்கள். ஆகஸ்டில் தீப்பற்றி எரிந்தது. அழுதுகொண்டு உட்காராமல் சில வாரங்களுக்குள் மறுபடியும் பெருந்தொகை சேர்த்தார்கள். 1883 நவம்பரில் அரங்கம் மீண்டும் திறந்தது. "தேசம் தனக்கே அளித்தது" என்ற கருத்துள்ள இரண்டு சொற்கள் மேடைக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேசம் விடுதலை பெற்றதோ 1918-ல்தான்!

அன்று மாலை இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னோம். நண்பர் எல்லாவற்றையும் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "இதெல்லாம் நான் எழுதி வைத்ததுதானே? அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தீரா?" என்றார்.

நாம் தொட்டுப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஜுரம் விட்டிருந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரமே இருந்தது. போர்வையைச் சுற்றி அவரை 22-ஆம் நம்பர் டிராமில் ஏற்றி, நாடக சாலை வாசலில் இறக்கினோம். நம் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.