பவளத்தில் குடியிருக்கும் கண்ணாடி இறால்!

வில்லியனூரிலும் பாகூரிலும் இறாலைத் தெரியாத வீடு உண்டா? ஏரி இறால், கடல் இறால் எல்லாம் கூடையில் வருகின்றன. ஆனால் எந்தக் கூடையிலும் வராத இறால் ஒன்று இருக்கிறது. நீளம் இரண்டு நெல்மணி அளவுதான். உடம்பு கண்ணாடி போன்றது. அதன் வீடு உயிருள்ள பவளம்!

பாகூர்க் கொம்யூனில் மூர்த்திக்குப்பம், பன்னித்திட்டுக் கரையெல்லாம் மணல். தென்பெண்ணை ஆற்றின் வண்டலும் அந்தப் பக்கம் கடலில் கலக்கிறது. பவளத்துக்கு வண்டல் ஆகாது. தெளிந்த நீரும் கெட்டியான தரையும் வேண்டும். பவளக் காட்டைப் பார்க்க ராமநாதபுரம் ஜில்லாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் இருக்கின்றன.

பவளம் என்றதும் மாலையில் கோக்கும் சிவப்பு மணி நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது மத்தியதரைக் கடல் சரக்கு. இது வேறு. இதற்குப் பெயர் மென்பவளம். தோல் போல வளையும்; அலையில் ஆடும். பூ என்று நினைத்துவிடாதீர்கள், இது பிராணி! ஆயிரக்கணக்கான சிறு வாய்கள் ஒன்றாய்ச் சேர்ந்த கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் எட்டுக் கைகள்.

வாடகை இல்லாத வீடு

இறால் ஏன் இங்கே வந்து குடியேறியது? மென்பவளங்கள் பலவற்றின் உடம்பில் கசப்பான நஞ்சு உண்டு. மீன்கள் அவற்றைக் கடிக்கத் தயங்கும். அந்தக் கிளைகளுக்குள் இறாலுக்குப் பயமில்லை. பவளத்தின் மேல் ஊறும் பிசினையும் ஒட்டும் துணுக்குகளையும் தின்று வயிற்றைக் கழுவுகிறது. உடம்பிலே பவளத்தின் நிறத்தில் புள்ளியும் கோடும் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

இந்த வகை ஒண்டுக்குடி இறால்களைப் பற்றிக் கல்கத்தாவில் வேலை பார்த்த ஸ்டான்லி கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1922-ல் ஒரு நீண்ட ஆராய்ச்சி எழுதினார். சோற்றுக்கு ஆகாத இறாலுக்கு இத்தனை பக்கமா என்று கேட்கலாம். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்!

வீட்டுக்கு ஆபத்து

மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் கல்பவளத்தை உடைத்துச் சுண்ணாம்புக்காக ஏற்றினார்கள். 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. 1986-ல் தீவுப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் கல்பவளத்தையும், மென்பவளத்தின் உறவான கடல் விசிறியையும் எடுக்கச் சட்டம் தடை போட்டது. கடல் விசிறியிலும் இப்படிப்பட்ட இறால்கள் குடியிருக்கின்றன.

சட்டம் உடைப்பதைத் தடுக்கும்; வெயிலைத் தடுக்குமா? 2010-லும் 2016-லும் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பார் ஓரம் இழுவலை உரசினாலும் மென்பவளம் வேரோடு வந்துவிடும். வலையில் அது குப்பை. அதோடு வரும் இறாலை யாரும் பார்ப்பதில்லை.

தாய் இறால் முட்டைகளை வயிற்றின் கீழ் சுமக்கிறது. பொரித்த குஞ்சு பவளத்தில் தங்குவதில்லை. நீரோட்டத்தோடு மிதந்து போகிறது. பல நாள் கழித்து, வளர்ந்து, கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் அதற்கேற்ற பவளம் இல்லாவிட்டால் அது மீன் வாய்க்குத்தான் போகும்.